வாசியின் ரோம், பிரனேசியின் ரோம்

1740இல் வெனிஸ் பக்கத்திலிருந்து ரோமுக்கு வந்தபோது, பின்னாளில் ரோமின் அச்சுப் படங்களால் புகழ்பெற்ற பிரனேசிக்கு இருபது வயது. செம்புத் தகட்டில் ஊசி பிடிக்க அங்கே அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் ஜுசெப்பே வாசி. சிசிலிக்காரர், பத்து வயது மூத்தவர். ஓவியக் கை முற்றிய உனக்கு இந்தத் தொழில் சரிப்படாது என்று வாசி அவரிடம் சொன்னதாக ஒரு கதை உண்டு. நடந்ததோ இல்லையோ, இருவர் படங்களையும் பக்கத்தில் வைத்தால் கதை பொருந்தத்தான் செய்கிறது.

செய்முறை ஒன்றுதான். தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் இட்டால் கீறிய கோடு அரித்துப் பள்ளமாகும். அதில் மை நிற்கும். வாசியின் கோடுகள் சீரானவை, வெளிச்சமானவை. பிரனேசியோ வெளிறிய இடங்களை மூடிவிட்டு நிழல்களை மட்டும் திரும்பத் திரும்ப அமிலத்துக்குக் கொடுத்தார். அவருடைய வளைவுகளுக்கு அடியில் கிடக்கும் இருட்டு அப்படி வந்தது.

பண்டைய ரோமின் பொதுச் சதுக்கமான ஃபோரம் அன்று மாடுகள் மேயும் வெளி. பெயரே கம்போ வச்சீனோ, மாட்டுத் திடல். அங்கிருந்த பேரரசர் செவெரஸின் வெற்றி வளைவு மண்ணில் பாதி புதைந்து கிடந்தது. வாசி அதை வரைந்தால் நாம் அங்கே நடந்து போகலாம்: எது எங்கே, எதற்கு அடுத்து எது என்று தெரிந்துவிடும். பிரனேசி வரைந்தால் தூணடியில் எறும்பளவு மனிதர்கள் கையை ஆட்டிக்கொண்டு நிற்பார்கள்; கட்டடம் தானாக வளர்ந்துவிடும். இது ஒருவகைப் பொய்தான், அழகான பொய். கரக்கல்லா குளியல் மண்டபத்தை நேரில் பார்த்த ஜெர்மன் கவிஞர் கதே, பிரனேசி காட்டிய அளவுக்கு அங்கே ஒன்றுமில்லை என்று குறைபட்டுக்கொண்டார்.

புகழ் மாணவருக்கே போனது. 135 காட்சிகள் கொண்ட அவருடைய ‘ரோம் காட்சிகள்’ தொகுப்பை இன்றும் அருங்காட்சியகங்கள் கொண்டாடுகின்றன. 1747 முதல் 1761 வரை வாசி வெளியிட்ட பத்துப் பாகங்களோ ஊர்க்கணக்குப் பிள்ளை எழுதிய பதிவேடு மாதிரி: வாயில்கள், சதுக்கங்கள், பாலங்கள், மடங்கள் என்று வகை பிரித்து அடுக்கியவை. எனக்கு அந்தப் பதிவேட்டின் மேல்தான் பிரியம். டைபர் கரையில் வளைந்து இறங்கும் படிகளோடு 1704இல் கட்டிய ரிப்பெட்டா படகுத்துறையை இருவருமே வரைந்திருக்கிறார்கள். வெள்ளத்தைத் தடுக்கப் பிற்பாடு கரைச்சுவர் எழுப்பியபோது அந்தத் துறை போய்விட்டது. அதன் படிகள் எப்படி இறங்கின, படகுகள் எங்கே ஒதுங்கின என்று கேட்டு வருபவருக்கு நான் முதலில் வாசியைத்தான் விரித்து வைப்பேன்.