ஆட்டக்காரனின் கூலி

போடிநாயக்கனூருக்குப் பக்கத்தில், ஏலமலையின் அடிவாரத்தில், ராசிங்காபுரம் என்ற ஊர் இருக்கிறது. அந்தச் சுற்று வட்டாரத்தில் விடிவதற்கு முன்பே ஜீப்புகள் உறுமத் தொடங்கிவிடும். தூக்குச் சட்டியில் சோற்றை எடுத்துக்கொண்டு ஆண்களும் பெண்களும் நெருக்கியடித்து ஏறிக்கொள்வார்கள். போடிமெட்டின் வளைவுகளில் ஏறி, எல்லையைத் தாண்டி, கேரளத்து ஏலத் தோட்டங்களில் அவர்களை இறக்கிவிட்டு, பொழுது சாயும்போது வண்டிகள் திரும்பும். ஒரு நாள் மலைக்குப் போகாவிட்டால், ஒரு நாள் கூலி இல்லை. கணக்கு அவ்வளவு சுலபம்.

இப்படிப்பட்ட ஓர் ஊரில் சடுகுடுவில் கெட்டிக்காரனான ஒரு வாலிபன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். மதுரையிலே ஒரு பந்தயம். வந்து ஆடு என்று அழைப்பு வருகிறது. போக ஒரு நாள், ஆட ஒரு நாள், அடிபட்டால் படுத்துக் கிடக்க நாலு நாள். கைதட்டலுக்குக் குறைவிராது. ஒரு கோப்பையும் மாலையும்கூடக் கிடைக்கலாம். ஆனால் அந்த ஆறு நாள் கூலியை யார் கொடுப்பார்கள்?

அற்பமான கேள்வி என்று வாசகர்கள் நினைக்கலாம். ஆனால் இதே கேள்விதான் 130 ஆண்டுகளுக்கு முன்பு இங்கிலாந்து தேசத்தின் ஒரு பெரிய ஆட்டத்தை இரண்டாகப் பிளந்தது. அந்தக் கதையை முதலில் பார்த்துவிட்டு, நம் சென்னைக்கு வருவோம்.

ரக்பி ஆட்டம் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடங்களில் வளர்ந்தது. முட்டை வடிவமான ஒரு பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவதும், ஓடுகிறவனை மற்றவர்கள் பாய்ந்து வீழ்த்துவதுமான முரட்டு ஆட்டம். அது வடக்கே யார்க்ஷயர், லங்காஷயர் பக்கத்து நூற்பாலைகளுக்கும் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் போய்ச் சேர்ந்தது. தொழிலாளிகள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்கள். மைதானத்தைச் சுற்றி வேலி எழுந்தது. வாசலில் சீட்டு விற்றார்கள். ஆயிரக்கணக்கில் கூட்டம் சேர்ந்தது. எல்லாருக்கும் ஆட்டத்தினால் ஏதோ ஆதாயம் இருந்தது. விழுந்து எழுந்து பல்லை உடைத்துக்கொள்கிறவனுக்கு மட்டும் ஒன்றுமில்லை. சனிக்கிழமை காலையில் ஆலைக்கு மட்டம் போட்டுவிட்டு வெளியூர் ஆட்டத்துக்குப் போனால், அவனுக்குச் சம்பளத்தில் பிடித்தம்தான்.

"அவனுக்குச் சம்பளம் வேண்டாம், இழந்த கூலியையாவது கொடுக்க அனுமதியுங்கள்" என்பதுதான் வடக்கத்திக் கழகங்களின் கோரிக்கை. 1893 செப்டம்பரில் லண்டனில் கூடிய ரக்பி சங்கத்தின் கூட்டத்தில் இது தீர்மானமாக வந்தது. ஆதரவு 136, எதிர்ப்பு 282. காசு கலந்தால் ஆட்டத்தின் தூய்மை கெட்டுவிடும் என்று பெரிய மனிதர்கள் தீர்ப்பளித்துவிட்டார்கள். நுழைவாயிலில் வாங்கிய காசு மட்டும் எப்படித் தூய்மையாக இருந்தது என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? சாப்பாட்டுக் கவலை இல்லாதவனுக்குத் தூய்மை மிகவும் மலிவான சரக்கு.

வடக்கத்தியர் இரண்டு வருஷம் பொறுத்தார்கள். 1895 ஆகஸ்ட் 29-ஆம் தேதி ஹட்டர்ஸ்ஃபீல்டு நகரத்து ஜார்ஜ் ஹோட்டலில் கூடி, தாய்ச் சங்கத்திலிருந்து விலகித் தனிச் சங்கம் கண்டார்கள். இழந்த கூலிக்கு ஈடாக நாளொன்றுக்கு ஆறு ஷில்லிங் வரை கொடுக்கலாம் என்பது ஏற்பாடு. சில நாட்களுக்குள்ளாகவே 22 கழகங்களுடன் முதற் பருவம் தொடங்கிவிட்டது. நாளடைவில் அவர்கள் விதிகளையும் மாற்றினார்கள். அணிக்கு 15 பேர் என்றிருந்ததை 13 ஆக்கினார்கள். 'ரக்பி லீக்' என்று இன்று உலகம் அறிந்த ஆட்டம் இப்படித்தான் பிறந்தது. 1898-இல் வெளிப்படையாகச் சம்பளம் கொடுக்கவும் அனுமதித்தார்கள். அப்போதும், ஆட்டக்காரனுக்கு வேறொரு நிலையான வேலை இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள்! ஆட்டத்தை மட்டும் நம்பி ஒருவன் வாழலாம் என்ற துணிச்சல் அவர்களுக்கே வரவில்லை.

அந்த முதற் பருவத்தில் ஒவ்வொரு கழகமும் 42 பந்தயங்கள் ஆடியது. கடைசியில் ஹாலிஃபாக்ஸைவிட ஒரே ஒரு புள்ளி கூடுதலாகப் பெற்று மான்னிங்ஹாம் என்ற கழகம் முதலிடம் பிடித்தது. மான்னிங்ஹாம் என்பது பிராட்ஃபோர்டு நகரத்தின் ஒரு பகுதி. அங்கே பட்டும் வெல்வெட்டும் நெய்த மிகப் பெரிய ஆலை ஒன்று இருந்தது. 1890 டிசம்பரில் அந்த ஆலை முதலாளி கூலியைக் குறைத்தார். தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மாதக் கணக்கில் பட்டினி கிடந்து, 1891 ஏப்ரலில் தோற்றுத் திரும்பினார்கள். அந்தத் தோல்வியின் கசப்பு ஆறுவதற்குள், 1893-இல், அதே நகரத்தில் சுதந்திரத் தொழிற்கட்சி தோன்றியது. கூலி என்ற சொல்லின் அருமை தெரிந்த மண்ணில்தான் கூலி கேட்ட ஆட்டத்தின் முதல் வெற்றிக் கழகம் இருந்தது.

ஆனால் அந்த வெற்றி நிலைத்ததா? இல்லை. வரும்படி குறைந்து, கடன் ஏறி, 1903-இல் மான்னிங்ஹாம் கழகம் ரக்பியையே கைவிட்டுவிட்டது. கால்பந்துக்கு மாறி, பிராட்ஃபோர்டு சிட்டி என்று புதுப் பெயரும் சூட்டிக்கொண்டது. முதற் பருவத்தின் முடிசூடிய மன்னர் எட்டே ஆண்டுகளில் ராஜ்யத்தைத் துறந்துவிட்டார்!

நிற்க. இனி நம் ஊர்.

சடுகுடுவுக்கும் ரக்பி லீகுக்கும் ரத்த உறவு எதுவும் கிடையாது. ஆனாலும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஜாடை தெரியும். பாய்வதும் பிடிப்பதும் திமிறுவதுமே இரண்டிலும் உயிர். நம் ஆட்டம் இன்னும் ஏழை, பந்துகூட வேண்டாம். அறுப்பு முடிந்த வயலில் கோடு கிழித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பாடிப் போனால் போதும். உழைத்து உரமேறிய உடம்புதான் மூலதனம். ஆகவே கூலிக் கேள்வி இங்கேயும் எழுந்தது.

வெகு காலம் அதற்கு நம் நாடு கண்ட விடை, சர்க்கார் உத்தியோகம். ரயில்வே, மின்சார வாரியம், போலீஸ், வங்கி ஆகியவை நல்ல ஆட்டக்காரர்களை வேலைக்கு எடுத்துக்கொண்டன. ஆட்டம் நின்ற பிறகும் உத்தியோகம் நிற்காது. 1990-இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடி இடம் பெற்றதும் இந்த வழி இன்னும் அகலமாயிற்று. தூத்துக்குடிச் சீமையின் மணத்தி என்ற சிற்றூரிலிருந்து புறப்பட்ட கணேசன், 1994-இல் ஹிரோஷிமாவில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடினார். அர்ஜுனா விருதும் பெற்றார். மணத்தி கணேசன் என்று ஊரின் பெயரே அவருடைய முதற்பெயராகிவிட்டது. எனினும் இத்தகைய உத்தியோகங்கள் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? நூறு ஊர்களில் ஒருவருக்குக் கிடைத்தால் அதிசயம்.

2014-இல் 'புரோ கபடி லீக்' வந்தது. எட்டு அணிகள், ஏலம், ரப்பர் விரிப்பு, வண்ண விளக்குகள், தொலைக்காட்சி. முதல் ஏலத்தில் மிக அதிக விலை பெற்ற ராகேஷ் குமாருக்குக் கிடைத்தது 12 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். 2017 ஏலத்தில் நிதின் தோமர் 93 லட்சம் பெற்றார். மூன்றே ஆண்டுகளில் இந்த ஏற்றம்! அதுவரை நான்கு பருவங்கள் நடந்தும் தமிழ்நாட்டுக்கு என்று ஓர் அணி இல்லாமலிருந்தது. 'சடுகுடு எங்கள் பாட்டன் சொத்து' என்று மேடைக்கு மேடை சொல்லிக்கொள்ளும் நாம், மற்றவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தோம்.

அந்தக் குறை 2017-இல் தீர்ந்தது. ஐந்தாம் பருவத்துக்கு நான்கு புதிய அணிகள் சேர்க்கப்பட்டன. அவற்றில் ஒன்று 'தமிழ் தலைவாஸ்'. தொழிலதிபர் நிம்மகட்ட பிரசாதும் கிரிக்கெட் வீரர் சச்சின் டெண்டுல்கரும் உரிமையாளர்கள்; தெலுங்குத் திரையுலகைச் சேர்ந்த அல்லு அரவிந்த், அல்லு அர்ஜுன், ராம் சரண் ஆகியோரும் பங்காளிகள். கமல்ஹாசன் அணியின் விளம்பரத் தூதர். பயிற்சியாளர் கே. பாஸ்கரன். அணித் தலைவர் அஜய் தாக்கூர், இமாசலப் பிரதேசத்துக்காரர். 2016 உலகக் கோப்பை இறுதிப் பந்தயத்தில் ஈரானிடம் தோற்றுவிடும் போலிருந்த இந்தியாவை மீட்டவர்.

தமிழர் அணிக்கு இமாசலத்தார் தலைவர். அப்படியானால் தமிழ் வீரர்கள் எங்கே? கே. பிரபஞ்சனைப் போன்ற சிலர் இங்கேயே இருந்தார்கள். ஆனால் 2016-இல் பாட்னா அணிக்குத் தலைமை தாங்கிக் கோப்பை வாங்கித் தந்த தஞ்சைச் சீமைக்காரர் தர்மராஜ் சேரலாதன், நம் அணி பிறந்த வருஷத்தில் புனே அணிக்கு ஆடிக்கொண்டிருந்தார். ஏலத்தின் விசித்திரம் இது. ஏலக்காய் விளைகிற மலை ஒன்று, விலை பேசுகிற ஊர் ஒன்று, மணக்கிற சமையலறை வேறொன்று என்பது போடிக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம்தான்.

2017 ஜூலை 28-ஆம் தேதி ஹைதராபாத்தில் பருவத்தின் முதல் பந்தயம். தெலுங்கு டைட்டன்ஸும் தமிழ் தலைவாஸும் மோதின. 27-க்கு 32 என்ற கணக்கில் நம்மவர்கள் தோற்றார்கள். ஐந்து புள்ளிதானே, புது அணிதானே என்று மனம் சமாதானம் சொல்லிற்று. ஆனால் தோல்விகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கடைசி நேரத்தில் கைநழுவிப் போன பந்தயங்கள் சில. தொடக்கத்திலேயே போய்விட்டவை சில. அஜய் தாக்கூர் ஒருவர் மட்டும் அலுக்காமல் பாடிப் போய்க்கொண்டிருந்தார். உயரமான உடம்பை ஒரு தவளையைப் போல் எழுப்பி, பிடிக்க வந்தவர்களின் தலைக்கு மேலே தாவித் தம் கோட்டுக்குத் திரும்புவது அவருடைய முத்திரை. அந்தப் பருவத்தில் அவர் ஒருவரே 200 புள்ளிகளுக்கு மேல் சேர்த்தார். ஒற்றைத் தூண் எவ்வளவு பாரத்தைத் தாங்கும்? 22 பந்தயங்களில் வெற்றி 6, தோல்வி 14, சமம் 2. தங்கள் பிரிவின் ஆறு அணிகளில் தலைவாஸ் ஆறாவது.

இதைவிடப் பெரிய சோதனை ஒன்றும் இருந்தது. அந்தப் பருவத்தின் இறுதிப் பந்தயம் சென்னையில், நேரு உள் விளையாட்டரங்கில், அக்டோபர் 28-ஆம் தேதி நடந்தது. ஆடியவர்கள் பாட்னாவும் குஜராத்தும். 55-38 என்று பாட்னா வென்றது. கலியாணம் நம் வீட்டில். மாப்பிள்ளையும் பெண்ணும் அடுத்த தெருவிலிருந்து!

பத்திரிகைகளில் எள்ளி நகையாடினார்கள். தமிழர் இல்லாத தமிழ் அணி என்றார்கள். சினிமாக்காரர் விளம்பரம் என்றார்கள். இரண்டிலும் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் பட்டியலில் கடைசி என்பதால் அந்தப் பருவம் வீண் என்று சொல்லிவிடலாமா? மான்னிங்ஹாமை நினைத்துப் பாருங்கள். முதலிடம் பெற்றவர்கள் ஆட்டத்தை விட்டே போனார்கள். தலைவாஸ் கடைசியில் நின்றார்கள்; ஆனால் நிலைத்து நின்றார்கள். மறுபடியும் தோற்றார்கள், ஆட்களை மாற்றினார்கள். 2022-ஆம் ஆண்டுப் பருவத்தில், பெரும் விலை கொடுத்து வாங்கிய பவன் செராவத் முதல் பந்தயத்திலேயே காயமடைந்து விலகிய பிறகும், இளைஞர்களை வைத்துக்கொண்டு முதன்முறையாக அரையிறுதி வரை போனார்கள்.

ஒரு தொழில்முறைக் கழகத்தின் முதற் பருவத்தை அளக்க வேறு ஓர் அளவுகோல் வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தக் கழகத்தினால் எத்தனை வீட்டில் அடுப்பு எரிந்தது? 'ஆடப் போகிறேன்' என்று பிள்ளை சொன்னால், 'போய் வா' என்று சொல்லும் துணிச்சல் எத்தனை தாய்மார்களுக்கு வந்தது? வெற்றி தோல்விப் பட்டியலில் இந்தக் கணக்கு ஏறுவதில்லை.

ரக்பியே இப்போது நம்மைத் தேடி வந்திருக்கிறது. 2025 ஜூனில், அணிக்கு எழுவர் ஆடும் ரக்பி பிரீமியர் லீக் ஆறு அணிகளுடன் மும்பையில் தொடங்கியது. 'சென்னை புல்ஸ்' என்ற புதிய அணி, இறுதிப் பந்தயத்தில் டெல்லியை வென்று, முதற் பருவத்திலேயே கோப்பையைத் தட்டிக்கொண்டு போயிற்று. மகிழ்ச்சிதான். ஆனால் பந்தயங்கள் எல்லாம் மும்பையில். முன்னணி வீரர்களில் பலர் வெளிநாட்டார். சென்னை என்ற பெயருக்குச் சென்னையின் தெருக்கள் சொந்தமாக, இன்னும் சில பருவங்கள் வேண்டும். கோப்பை முதலில் வந்துவிட்டது; கழகம் இனிமேல்தான் வளர வேண்டும்.

வேறு கவலை ஒன்றும் எனக்கு உண்டு. 2016-இல் பெண்களுக்கென்று மூன்று அணிகளை வைத்து ஒரு கபடிப் போட்டியை ஆண்கள் லீகுடன் சேர்த்து நடத்தினார்கள். அதற்கு இரண்டாம் பருவம் வாய்க்கவில்லை. ஆட்டத் திறமைக்கா பஞ்சம்? 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில், சென்னைக் கண்ணகி நகரைச் சேர்ந்த ஒரு பெண்ணும் இருந்தாள். ஊரே திரண்டு அவளை வரவேற்றது. அரசாங்கம் பரிசுத் தொகை அளித்தது. பரிசு என்பது ஒரு தடவை வருவது. கூலி என்பது மாதா மாதம் வர வேண்டியது.

அஜய் தாக்கூருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அத்தனை புகழ் பெற்ற அவரும் இமாசலப் போலீஸில் அதிகாரி உத்தியோகத்தை வைத்திருந்தார். வேறொரு வேலையும் இருக்கட்டும் என்ற 1898-ஆம் ஆண்டு நிபந்தனை, சட்டப் புத்தகத்தில் இல்லாவிட்டாலும், ஆட்டக்காரர்களின் மனத்தில் இன்னும் அழியவில்லை. காலில் ஒரு முறிவு போதும், லட்சங்கள் மறைந்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இழந்த கூலியைத் தர மறுத்த அந்தப் பழைய லண்டன் கனவான்களின் ரக்பி ஆட்டம், சரியாக ஒரு நூற்றாண்டு கழித்து, 1995 ஆகஸ்டில், தானும் சம்பள ஆட்டத்துக்கு இணங்கியது. தூய்மை அதனால் கெட்டதாகத் தகவல் இல்லை. 1895-இல் ஹட்டர்ஸ்ஃபீல்டில் கூடியவர்கள் கேட்டது நாளுக்கு ஆறு ஷில்லிங்தான். மலையேறிக் காய் பறிக்கும் ஊர்களில் நன்றாக மூச்சுப் பிடிக்கத் தெரிந்த ஒரு பையனோ பெண்ணோ இருந்தால், அவர்களும் இன்று அதற்கு அதிகமாக ஒன்றும் கேட்கமாட்டார்கள்.