ஜொகூர் பாருவின் ஒட்டுக்கடைகள்: உணவும் சொல்லும் வரலாறும்

மலேசிய நகரங்களில் மாலை வேளையில் இருப்புச்சட்டியில் வதங்கும் ஓர் உணவுக்கு ‘மீ கோரிங் மாமாக்’ என்று பெயர். அப்பெயரில் உள்ள மூன்று சொற்களும் மூன்று மொழிகளுக்கு உரியவை. ‘மீ’ என்பது ஹொக்கியன் சீனர் மாவிழைக்கு வழங்கும் சொல். ‘கோரிங்’ என்பது வறுத்தலையும் பொரித்தலையும் குறிக்கும் மலாய்ச் சொல். ‘மாமாக்’ என்பது ‘மாமா’ என்னும் நம் உறவுப்பெயரின் திரிபு. தமிழ் முஸ்லிம் கடைக்காரரைக் குறிக்கும் பெயராக மலாய் வழக்கில் நிலைத்துவிட்டது. மாவிழை சீனரிடமிருந்து வந்தது. சமைக்கும் முறைக்கு மலாய் மொழி பெயர் தந்தது. கடல் கடந்து வந்த தமிழர் அடுப்பின் முன் நின்றார். நம் நாட்டின் குடியேற்ற வரலாறு இம்மூன்று சொற்களில் அடங்கிக் கிடக்கிறது.

புதிய நகருக்கு வருவோர், ‘எளிய உணவு இங்கே எவ்விடத்தில் நன்றாக இருக்கும்?’ என்று கேட்பது வழக்கம். ஜொகூர் பாருவுக்கு வருவோரும் அவ்வாறே கேட்கின்றனர். இக்கேள்வியை நாவின் கேள்வியாக மட்டும் கொள்ளாது வரலாற்றின் கேள்வியாகவும் கொள்ளலாம் என்பதே இவ்வுரையில் நாம் நிறுவ முற்படும் கருத்து. நெடுநாள் நிலைத்த கடை ஒவ்வொன்றும் ஏதோ ஒரு கூட்டத்தாரின் பசியை ஆற்றுவதற்காகத் தோன்றியது. அக்கூட்டத்தார் யாவர், எங்கிருந்து வந்தனர், என்ன தொழில் செய்தனர் என்பதை அறிந்தோர்க்கு நல்ல கடையைத் தேடிக் காண்பதும் எளிது. தட்டில் உள்ளது ஏன் அவ்வாறு உள்ளது என்று விளங்கிக்கொள்வதும் எளிது.

நகரும் அதன் உழைப்பாளரும்

1855ஆம் ஆண்டில் தெமெங்கோங் டாயிங் இப்ராகிம் நிறுவிய தஞ்சோங் புத்ரி என்னும் சிற்றூர், 1866இல் அவர்தம் மைந்தர் அபூபக்கரால் ஜொகூர் பாரு எனப் பெயர் பெற்றது. காம்பியரும் மிளகும் பயிரிடுவதற்கு ஆற்றோர நிலங்களைச் சீனத் தலைவர்களுக்கு உரிமையாக அளித்த ‘காங்சு’ முறை, தியோச்சியூ மக்களை இம்மாநிலத்திற்குப் பெருமளவில் கொணர்ந்தது. அத்தலைவர்களுள் புகழ்பெற்றவரான தான் ஹியோக் நீயின் பெயரை நகரின் பழைய தெரு ஒன்று தாங்கி நிற்கிறது. இஸ்தானா பெசார் என்னும் அரண்மனையைக் கட்டிய ஒப்பந்தக்காரர் வோங் ஆ ஃபூக்கின் பெயரை நகரின் முதன்மைச் சாலை தாங்குகிறது. இவற்றின் அண்மையில் உள்ள ஜாலான் டோபியோ இந்தியச் சலவைத் தொழிலாளரின் நினைவாக விளங்குகிறது. தோட்டம், கட்டடம், சலவை என்னும் மூன்று தொழில்கள் மூன்று தெருப்பெயர்களாகி, சில நிமிட நடையில் அடங்கிவிடுகின்றன.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காம்பியரின் இடத்தை ரப்பர் பிடித்தது. கெமாஸிலிருந்து ஜொகூர் பாரு வரையிலான இருப்புப்பாதை 1909இல் நிறைவுற்றது. மலாயாவுக்குத் தமிழரை அனுப்பிய ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் நிறுத்தப்பட்டது; கங்காணி முறையே பெருவழக்காயிற்று. சிங்கப்பூரை இணைக்கும் பாலத்தின் மீது 1923இல் தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. 1924ஆம் ஆண்டு சூன் 28ஆம் நாள் அப்பாலம் முறைப்படி திறந்துவைக்கப்பெற்றது. தோட்டத்திலும் தண்டவாளத்திலும் சாலையிலும் உழைத்த தமிழர் பலர் குடும்பத்தை ஊரில் விட்டுவந்த ஆடவர். லயத்தில் அவர்களுக்குப் படுக்க இடம் இருந்தது. உழைத்துக் களைத்த பின் சமைப்பதற்கு நேரமோ வலிமையோ இல்லை.

அவர்களின் பசிதான் தெருவோர உணவின் பிறப்பிடம். வடையும் கடலையும் முறுக்கும் தட்டில் ஏறித் தலைச்சுமையாக வந்தன. இடியாப்பம் மிதிவண்டியில் வந்தது. தமிழகத்தில் தேங்காய்ப்பாலுடனோ குழம்புடனோ உண்ணப்படும் இடியாப்பம், இங்கே தேங்காய்த் துருவலும் பழுப்புச் சர்க்கரையும் தூவித் தரப்பட்டது. குழம்பைச் சுமந்து திரிவது கடினம். சர்க்கரையையும் துருவலையும் சுமப்பது எளிது. நாம் சுவை என்று கருதுவது பல வேளைகளில் சுமப்பவரின் வசதியிலிருந்து பிறந்தது என்பதற்கு இதனைக் காட்டாகக் கொள்ளலாம்.

மூன்று அடுப்புகள்

பழைய நகரில் மூன்று வகை அடுப்புகளை ஒப்பிட்டு நோக்குதல் பயன் தரும்.

முதலாவது, ஜாலான் தான் ஹியோக் நீயில் உள்ள ஹியாப் ஜூ ரொட்டிக்கடையின் விறகு அடுப்பு. இக்கடை 1919இல் தோன்றியது. இதன் வாழைப்பழக் கேக்கை வாங்குவதற்கு இன்றும் மக்கள் வரிசையில் நிற்கின்றனர். இதனை நடத்துவோர் ஹைனான் மரபினர். ஜாலான் துருஸில் உள்ள பழஞ்சீனக் கோயிலைத் தியோச்சியூ, ஹொக்கியன், கன்டொனீஸ், ஹக்கா, ஹைனான் ஆகிய ஐந்து பிரிவினரும் சேர்ந்து பேணி வருகின்றனர். அவர்களுள் ஹைனானியர் காலத்தால் பிந்தி வந்தோர். நல்ல தொழில்கள் பிறர் கையில் இருந்தமையால் அவர்களுள் பலர் ஆங்கிலேயர் இல்லங்களில் சமையற்காரராயினர். அங்கே கற்ற ரொட்டியையும் கேக்கையும் பின்னர்த் தம் கடைகளில் விற்றனர். பிந்தி வந்ததனால் ஏற்பட்ட குறையே ஒரு கலையாக மலர்ந்தது.

இரண்டாவது, ஜாலான் டோபியில் உள்ள சலாஹுதீன் ரொட்டிக்கடையின் அடுப்பு. 1937இல் தோன்றிய இக்கடை இந்திய முஸ்லிம்களுடையது. இங்கும் விறகே எரிபொருள். இரண்டு கடைகளுக்கும் இடையே உள்ள தொலைவு மிகக் குறைவு. ஒரே நெருப்பு, ஒரே கோதுமை மாவு. வந்த வழிகள் மட்டும் வேறு வேறு.

மூன்றாவது, அடுப்பு என்று கூறுவதற்கும் எளியதான ஒன்று: மாமாக் கடையின் தட்டையான இரும்புக் கல்லும் தேநீர்க் கொதிகலனும். கடையநல்லூர், தென்காசி முதலிய ஊர்களிலிருந்து சிங்கப்பூருக்கும் தீபகற்பத்திற்கும் வந்த தமிழ் முஸ்லிம்களுள் பலர் இத்தொழிலில் ஈடுபட்டனர். ரொட்டி சானாயும் ‘தே தாரிக்’கும் இவ்வடுப்பின் செல்வங்கள். ‘தே’ என்பது சீனத்தின் மின் மொழியிலிருந்து கடல்வழியே பரவிய சொல். நம் ‘தேநீர்’, ‘தேயிலை’ ஆகியவற்றிலும் அதுவே உள்ளது. ‘தாரிக்’ என்றால் மலாயில் இழுத்தல். நாம் ஆற்றுதல் என்று சொல்லும் செயல் மலாய்க் கண்ணுக்கு இழுத்தலாகத் தோன்றியது. பார்ப்பவர் சூட்டிய பெயரைச் செய்பவரும் ஏற்றுக்கொண்டார்.

மீன்தலைக் கறியின் பயணம்

பாலத்தின் இரு கரையும் ஒரே உணவு மண்டலம் என்பதற்கு மீன்தலைக் கறி சிறந்த சான்று. கேரளத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்த எம். ஜே. கோமஸ் என்பவர், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் இதனை அங்கே விற்கத் தொடங்கினார் என்பர். மீனின் தலையைச் சீனர் விரும்பி உண்பதைக் கண்டு, அதனைத் தென்னிந்தியக் குழம்பில் இட்டார். மசாலை நம்முடையது; விருப்பம் சீனருடையது.

இன்று ஜொகூர் பாருவில் இவ்வுணவை நாடுவோர் பலரும் செல்வது ஜாலான் வோங் ஆ ஃபூக்கில் உள்ள காம் லோங் என்னும் சீனர் கடைக்கு. அங்கே வெண்டைக்காயும் முட்டைக்கோசும் சோயாப் பால் ஏடும் சேர்ந்து கொதிக்கின்றன. தென்னிந்தியர் ஒருவர் சீனருக்காகச் சமைத்ததைச் சீனர் இப்போது எல்லாருக்குமாகச் சமைக்கின்றனர். ‘இது யாருடைய உணவு?’ என்னும் கேள்விக்கு இங்கே ஒற்றை விடை கிடையாது. விடை கிடையாமையே இவ்வுணவின் வரலாறு.

மலாய் மக்களின் சமையலும் இவ்வாறே திறந்த கதவுடையது. ஜொகூர் லக்சாவில் அரிசி மாவிழைக்கு மாறாக இத்தாலிய ஸ்பகெட்டி இடப்படுகிறது. ஐரோப்பியப் பயணங்களை மேற்கொண்ட சுல்தான் அபூபக்கரின் அரண்மனையிலிருந்து இவ்வழக்கம் தோன்றியது என்பது வழிவழிச் செய்தி. மீனும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த அக்குழம்பை விரலால் எடுத்து உண்பதே பழைய முறை. அரண்மனை உணவு நாளடைவில் சாலையோர மேசைக்கு இறங்கி வந்தது.

சொல் காட்டும் வழி

உணவுச் சொற்களை ஆராயும்போது இரண்டு மனநிலைகளை நாம் தவிர்த்தல் வேண்டும். ஒன்று, நம் பங்கை அறியாதிருத்தல். மற்றொன்று, எல்லாவற்றையும் நமதாக்கிக்கொள்ளுதல்.

மலாய் மொழியின் ‘கெடாய்’ நம் ‘கடை’; ‘காரி’ நம் ‘கறி’; ‘அப்பாம்’ நம் ‘ஆப்பம்’. வணிகத்தில் இடும் முதலீட்டைக் குறிக்கும் ‘மோடால்’ நம் ‘முதல்’. ஒருவர் மலாயில், ‘கடை வைக்க முதல் வேண்டும்’ என்று சொன்னால் அத்தொடரில் தமிழ்ச் சொற்கள் இரண்டு ஒலிக்கும். இவை ஐயத்துக்கு இடமற்றவை.

ஆனால், ‘ரொட்டி சானாய்’ என்பதில் உள்ள ‘சானாய்’, ‘சென்னை’யிலிருந்து வந்தது என்று பலர் உறுதிபடக் கூறுவதை அவ்வாறே ஏற்றல் கூடாது. மாவை மெலிதாகத் தேய்த்தல் என்னும் பொருளில் ‘சானாய்’ மலாய் மொழியிலேயே உள்ளது. அப்பொருள் அவ்வுணவுக்கு நன்கு பொருந்துகிறது. மூவாரின் புகழ்பெற்ற ‘மீ பண்டோங்’ என்னும் உணவுக்கும் இந்தோனேசியாவின் பண்டுங் நகருக்கும் தொடர்பில்லை. பல பொருள்கள் சேர்ந்து அமைவதையே அச்சொல் குறிக்கிறது என்பர். ஒலி ஒத்திருப்பது சான்றாகாது என்பதை மாணவர்க்குக் கற்பிக்க உணவுப்பட்டியலைவிட எளிய பாடநூல் கிடைப்பது அரிது.

நம் மக்கள் வழக்கில் உள்ள ‘ஒட்டுக்கடை’ என்னும் சொல்லும் சிந்திக்கத்தக்கது. ஒரு சுவரை ஒட்டி, ஒரு காப்பிக்கடையின் ஓரத்தை ஒட்டி நிற்பது அக்கடை. தனக்கென நிலம் இல்லாதவர் தொழில் தொடங்கிய நிலையை அச்சொல் உள்ளபடியே காட்டுகிறது.

அல்லங்காடியும் அழிவும்

தெருவோர உணவு நமக்குப் புதியதன்று. மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி, பகற்கடைத் தெருவை நாளங்காடி என்றும் இரவுக்கடைத் தெருவை அல்லங்காடி என்றும் குறிக்கிறது. அப்பம் விற்கும் கூவியர், இரவு முதிர்ந்தபின் தம் பண்டங்களுடன் இருந்தபடியே துயிலும் காட்சியும் அதில் உண்டு. இன்று நாம் ‘பாசார் மாலாம்’ என்று சொல்வதற்கு ஈராயிரம் ஆண்டுப் பழமையான தமிழ்ச் சொல் அல்லங்காடி. ஜொகூர் பாருவில் இரவில் விரியும் பாசார் காராட்டைக் காணும் மாணவர், மதுரைக்காஞ்சியின் அப்பகுதியைப் பொருளுணர்ந்து கற்பர்.

அத்தகைய அங்காடிகளின் மதிப்பை உலகமும் இன்று ஏற்றுக்கொண்டுள்ளது. சிங்கப்பூரின் அங்காடிக் கடைப் பண்பாடு 2020இலும், நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் ஆகியவற்றை உள்ளடக்கிய மலேசியாவின் காலையுணவுப் பண்பாடு 2024இலும் யுனெஸ்கோவின் பட்டியலில் இடம்பெற்றன. இப்பெருமை போற்றத்தக்கதே. எனினும் பட்டியல் காப்பது பண்பாட்டின் பெயரை; கடையைக் காப்பது வேறு செயல்.

புக்கிட் சாகாரையும் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த்தையும் இணைக்கும் விரைவு இரயில் பாதை, ஒரு மணி நேரத்தில் ஒரு திசையில் 10,000 பயணிகளைச் சுமக்குமாறு திட்டமிடப்பட்டது. நகருக்கு வருவோர் பெருகுவர். அவர்களுடன் வாடகையும் உயரக்கூடும். புகழ்பெற்ற கடைகள் அதனைத் தாங்கும். சலவைத் தொழிலாளருக்கும் இரயில்வே ஊழியருக்கும் பரிமாறிய பெயரற்ற ஒட்டுக்கடைகள் தாங்குமா என்பதே நம் கவலை.

கடைக்காரரின் பிள்ளைகள் கல்வி பெற்று வேறு தொழிலுக்குச் செல்வது வருந்தத்தக்கதன்று. அதற்காகவே அவர் அடுப்பின் முன் நின்றார். வருந்தத்தக்கது, அவர் அறிந்தவை எழுதப்படாமல் அவருடனேயே மறைவதாகும். மாவின் பதத்திற்கு அவர் வழங்கிய சொல், மூன்று மொழியில் அவர் எண்ணிய கணக்கு, கடன் எழுதிய குறிப்பேடு, வாடிக்கையாளரை அழைத்த உறவுமுறை ஆகியவை எந்த ஆவணக் காப்பகத்திலும் தாமாக வந்து சேர்வதில்லை.

எனவே ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறோம். ஒவ்வொரு மாணவரும் தம் வட்டாரத்தின் பழைய கடை ஒன்றைத் தேர்ந்து, மூன்று கேள்விகளுக்கு விடை எழுதி வரட்டும். இக்கடை முதன்முதலில் யாருக்காக உணவு சமைத்தது? எந்நேரத்தில் திறந்து எந்நேரத்தில் தீர்கிறது, அந்நேரம் யாருடைய வேலைநேரத்தை ஒட்டியது? இங்கே வழங்கும் உணவுப்பெயர்கள் எம்மொழிக்கு உரியவை? இவற்றைக் கேட்பதற்கு முன் உணவுக்கு விலைகொடுத்து அமர்ந்து உண்ண வேண்டும். கடைக்காரருக்கு ஓய்வான நேரம் பார்த்துப் பேச வேண்டும். அவர் சொல்லை அவர் சொன்னபடியே எழுத வேண்டும்.

இவ்வாறு தேடுவோர் நகரின் நல்ல உணவைத் தவறவிடுவதில்லை. பிறர் தரும் பட்டியல் இல்லாமலே கடையைக் கண்டடைவர். அக்கடை மறைந்தாலும் அதன் சொற்கள் அவர்தம் குறிப்பேட்டில் எஞ்சியிருக்கும்.