பூமிக்கு மூச்சுக்காற்று தந்த பாசி



நடவு முடிந்த வயலில், நீலமும் பச்சையும் கலந்து வழுவழுப்பாக ஒரு பாசி படர்வதைப் பார்த்திருப்பீர்கள். அழுக்கு என்று நினைத்துச் சிலர் தண்ணீரை வடித்துவிடுவதும் உண்டு. அதன் வம்சாவளியைக் கேட்டால் வடிக்க மனசு வராது.

பூமி பிறந்து சுமார் 454 கோடி ஆண்டுகள் ஆகின்றன. ஆரம்பத்தில் அது கொதிக்கிற பாறைக் குழம்பு. ஆறிய பிறகு ஆவி மழையாகக் கொட்டிக் கடல் உண்டாயிற்று. கரையில் வெறும் பாறை. இன்றைய வயல் மண் கிடையாது. காற்று இருந்தது, நாம் சுவாசிக்கிற பிராணவாயு அதில் இல்லை. அன்றைக்கு ஒரு மாட்டை நிறுத்தியிருந்தால் மூச்சுத் திணறி விழுந்திருக்கும்.

அப்படிப்பட்ட பூமியில்தான் உயிர் தோன்றியது. மேற்கு ஆஸ்திரேலியாவில் பில்பரா என்ற வட்டாரத்தில், நுண்ணுயிர்கள் அடுக்கடுக்காகப் படிந்து வாழ்ந்த தடம் கல்லாகிக் கிடக்கிறது. வயது சுமார் 348 கோடி ஆண்டு!

நுண்ணுயிர்களில் பிற்பாடு வந்த ஒரு வகைதான் நம்ம நீலப்பச்சைப் பாசி. வெயிலைக் கொண்டு தண்ணீரைப் பிரித்து உணவு சமைக்கும் வித்தை அதற்குக் கைவந்தது. சமையலில் கழிவாக வெளியேறியதே பிராணவாயு. அது முதலில் கடலில் கரைந்திருந்த இரும்போடு சேர்ந்து துருவாகி அடியில் படிந்தது. பில்பராவில் இன்று வெட்டுகிற இரும்புத்தாதுவுக்கு மூலம் அந்தப் படிவுகளே. பிறகு, சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன், காற்றிலும் பிராணவாயு சேர ஆரம்பித்தது.

செடிகள் தரையேறியது ஏறத்தாழ 47 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். அந்தச் செடிகளுக்குள்ளும் இந்தப் பாசி இருக்கிறது. நெல் இலைக்குப் பச்சை நிறம் தருகிற பசுங்கணிகம், ஆதியில் வேறோர் உயிரணுவுக்குள் குடிபுகுந்த நீலப்பச்சைப் பாசியின் வாரிசுதான்.

இத்தனை செய்த பாசி இன்னும் ஓயவில்லை. நெல் வயலில் அது காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தருகிறது என்பதை 1939-இல் நம் நாட்டு விஞ்ஞானி பி. கே. டே எடுத்துக்காட்டினார். நன்றாக வளர்ந்தால் ஒரு போகத்தில் ஏக்கருக்கு 8 முதல் 12 கிலோ வரை கிடைக்கும். யூரியாவை அள்ளிப் போட்டால் பாசி அந்த வேலையைக் குறைத்துக்கொள்ளும்.

ஒன்று கவனியுங்கள். நூல்நூலாகப் படர்ந்து நாற்றை அமுக்குகிற பச்சைப் பாசி வேறு ஜாதி. அதை அரித்து எடுத்துவிடலாம். நீலப்பச்சைப் பாசியை மட்டும் வடித்துவிடாதீர்கள். நமக்கு முன்னே வந்து, நாம் வாழ வழிசெய்து வைத்த உயிர் அது.