129 இலக்க எண்ணும் 1600 கணினிகளும்

83-ஐயும் 97-ஐயும் பெருக்கச் சொன்னால் ஒரு நிமிஷத்தில் 8051 என்று சொல்லிவிடலாம். 8051-ஐத் தந்து, இது எந்த இரண்டு எண்களின் பெருக்கம் என்று கேட்டால் கொஞ்சம் முழிக்கத்தான் வேணும். பெருக்குவது லேசு, காரணிகளாகப் பிரிப்பது கஷ்டம். 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் உருவாக்கிய ஆர்.எஸ்.ஏ. என்ற இரகசியப் பூட்டு இந்த ஒரு வித்தியாசத்தை நம்பித்தான் நிற்கிறது.

கலைப்பீடப் பிள்ளைகளுக்கு இதுல என்ன வேலை என்று கேட்பீங்க. எங்களுக்கு இது கணக்குக் கதை மட்டுமில்லை. ஒரு பெரிய வேலையை யார் யார் பங்குபோட்டுச் செய்தார்கள் என்ற வரலாறும்கூட.

1977 ஓகஸ்டில் மார்ட்டின் கார்ட்னர் 'சயன்டிபிக் அமெரிக்கன்' இதழில் 129 இலக்க எண் ஒன்றை வெளியிட்டார். அதைப் பிரித்து, உள்ளே பூட்டியிருக்கும் செய்தியைப் படிப்பவருக்கு 100 டொலர் பரிசு. அதற்கு 400 கோடி கோடி வருஷம் ஆகும் என்பது அன்றைய கணிப்பு. ஆனால் 1994 ஏப்ரலில், 17 வருஷம்கூட ஆகாமல், எண் உடைந்தது.

எப்படி? முதல் காரணம் புது வழிமுறை. சாதாரண தரத்தில் படித்த 'இரு வர்க்கங்களின் வித்தியாசம்' ஞாபகம் இருக்கா? 90-இன் வர்க்கம் 8100. அதில் 8051-ஐக் கழித்தால் 49, அதாவது 7-இன் வர்க்கம். ஆக 8051 என்பது (90−7) தர (90+7). பெரிய எண்ணுக்கு இப்படி ஒரு சோடி வர்க்கம் நேரடியாகக் கிடைக்காது. அதனால் சின்ன முதன்மை எண்களால் மட்டுமே ஆன எண்களை இலட்சக்கணக்கில் சலித்தெடுத்து, பிறகு அவற்றைப் பொருத்தமாகச் சேர்த்து வர்க்கங்களை உருவாக்குகிறார்கள். இப்படிச் சின்னக் காரணிகள் மட்டுமே கொண்ட எண்கள் எத்தனை இருக்கும் என்ற கேள்வி நமக்குப் புதுசு இல்லை. 2-ஆலும் 3-ஆலும் மட்டுமே ஆன எண்கள் ஒரு எல்லைக்குள் எத்தனை வரும் என்பதற்கு ஒரு சூத்திரத்தை, சென்னைத் துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த ராமானுஜன் 1913-இல் ஹார்டிக்கு எழுதிய கடிதத்திலேயே தந்திருந்தார்.

இரண்டாவது காரணம் ஆட்கள். 1993-இல் டெரெக் அட்கின்ஸ், மைக்கேல் கிராஃப், பால் லேலண்ட், ஆர்யன் லென்ஸ்ட்ரா ஆகியோர் சலிக்கும் வேலையைத் துண்டு துண்டாக்கி உலகத்துக்கு விட்டார்கள். சுமார் 600 தன்னார்வலர்கள், 1600 கணினிகள், 20-க்கும் மேற்பட்ட நாடுகள். இரண்டு ஃபேக்ஸ் மெஷின்கள்கூட அதில் சேர்ந்தன! கணினி சும்மா கிடக்கும் நேரத்தில் சலித்து, கிடைத்ததை மின்னஞ்சலில் அனுப்பினார்கள். எட்டு மாதம் இப்படியே போனது.

ஆனால் கடைசிக் கட்டத்தில் அந்த 1600 கணினிகளாலும் உதவ முடியவில்லை. சேர்ந்ததையெல்லாம் ஒரு மாபெரும் தாயமாக அடுக்கித் தீர்க்க வேண்டும். அதை ஒரே இடத்தில், ஒரு பெரிய மாஸ்பார் கணினி 45 மணி நேரம் ஓடி முடித்தது.

குண்டசாலையில் இருந்து கண்டிக்குப் போய் ஹந்தானை ஏறினால் தேயிலை அருங்காட்சியகம் வரும். அங்கே நிற்கும் பழைய உருளை மெஷின்களைப் பார்த்தால் இந்த இரண்டு கட்டங்களும் லேசாகப் புரியும். மலையில் நூறு பேர் நூறு நிரையில் கொழுந்து பறிக்கலாம். ஒருத்தர் இன்னொருத்தருக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் எல்லாக் கொழுந்தும் கடைசியில் ஒரே ஸ்டோருக்குத்தான் போகணும். ஸ்டோர் வாசல் சின்னதாக இருந்தால், மலையில் இன்னும் நூறு பேரை இறக்கியும் பிரயோசனம் இல்லை.

இன்று இந்த மலையும் ஸ்டோரும் ஒரே வீட்டுக் கணினிக்குள் வந்துவிட்டன. 1999-இல் 155 இலக்க எண்ணை உடைக்க, சலிப்பதற்கு 300 அளவில் கணினிகளும், தாயத்துக்கு ஒரு கிரே சூப்பர் கணினியும் தேவைப்பட்டன. 2009-இல் பெஞ்சமின் மூடி என்ற ஆர்வலர், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கல்குலேட்டர் ஒன்றின் 512 பிட் சாவியை, இரண்டு கோர் உள்ள தன் கணினியிலேயே 73 நாளில் உடைத்தார். அதுவும் கிட்டத்தட்ட அதே அளவு எண்தான். மென்பொருளும் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைப்பது.

இங்கேதான் 'திரெட்' கணக்கு வருகிறது. நாலு கோர், எட்டு திரெட் உள்ள மெஷின் என்றால் எட்டையும் ஓடவிட்டால் வேகம் என்றுதான் முதலில் தோணும். சலிக்கும்போது அது பெரும்பாலும் சரி, ஒவ்வொரு திரெட்டும் தன் நிரையைத் தானே பார்த்துக்கொள்ளும். ஆனால் ஒவ்வொன்றும் தனித்தனியாக ரேம் கேட்கும். ரேம் பத்தாவிட்டால் மெஷின் ஹார்ட் டிஸ்க்கைத் தொட ஆரம்பித்து நொண்டும். லெப்டொப் என்றால் சூடேறித் தானாகவே வேகத்தைக் குறைக்கும். தாயக் கட்டத்தில் நிலைமை வேறு. ஒவ்வொரு படியிலும் எல்லாத் திரெட்டும் ஒன்றுக்கொன்று காத்திருக்கணும், எல்லாம் ஒரே ரேமுக்குப் போய்வரும் வழியில் நெருக்கியடிக்கும். அங்கே எட்டை விட நாலு வேகமாக முடியலாம். உங்க மெஷினுக்கு எது சரி என்று தெரிய ஒரே வழி, ஒரே சின்ன வேலையை 2, 4, 8 திரெட்டில் ஓட்டி நேரத்தைக் குறித்துப் பார்ப்பதுதான்.

நம்ம ஊரில் இன்னொன்றும் பார்க்கணும், அது கரண்ட். 2022 மார்ச் 31-இல் 13 மணி நேரம் மின்வெட்டு இருந்தது. சலித்தது அவ்வப்போது ஃபைலில் எழுதப்படுவதால் கரண்ட் போனாலும் பெரிசா ஒன்றும் அழியாது. தாயத்தை ஓடவிடும்போதுதான் இடையிடையே சேமிக்கும் வசதி வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்கணும்.

இதையெல்லாம் படித்துவிட்டு வங்கிக் கணக்கை நினைத்துப் பயப்பட வேண்டாம். 2020-இல் உடைந்த 250 இலக்க எண்ணுக்கே, ஒரு கோர் தனியாகச் செய்தால் சுமார் 2700 வருஷம் ஆகும் அளவு வேலை தேவைப்பட்டது. இன்று பரவலாக இருக்கும் 2048 பிட் சாவி 617 இலக்கம்.

1977-இல் போட்ட கணிப்பில், முன்பின் தெரியாத 600 பேர் சம்பளம் இல்லாமல் சேர்ந்து வேலை செய்வார்கள் என்பதற்கு இடமே இருக்கவில்லை. அந்த 100 டொலரை 600 பேருக்குப் பங்குபோடவும் இல்லை, கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டார்கள். வரலாற்றில் நாலு பேருடைய பெயர் நிற்கிறது. கொழுந்து பறித்த கைகளின் பெயர் தேயிலைப் பெட்டியில் இல்லாததைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு, மிச்ச 600 பேரையும் சேர்த்தே இந்தக் கதையைச் சொல்லத் தோணுகிறது.