உதறி எறிந்த போர்வை

பாடிக்கொண்டிருந்த மனிதர் திடீரென்று முழங்கால் மடிந்து மேடைப் பலகையின்மீது விழுகிறார். சபையில் ஒரே கூக்குரல். பக்கத்திலிருந்து ஒருவர் ஓடி வருகிறார். அவர் கையில் பளபளவென்று மின்னும் ஒரு நீண்ட போர்வை. அதை விழுந்தவரின் தோளில் போர்த்தி, கைத்தாங்கலாக எழுப்பி, முதுகைத் தட்டிக்கொடுத்து, மேடைக்கு வெளியே மெல்ல நடத்திச் செல்கிறார். பாவம், நடக்கவும் சக்தியில்லை. நாலடி வைக்கிறார், ஐந்தாவது அடியில் தோளைச் சிலிர்த்துப் போர்வையை உதறி எறிந்துவிட்டு, ஒலிபெருக்கியிடம் பாய்ந்து வந்து மறுபடியும் பாடத் தொடங்குகிறார். மறுபடியும் விழுகிறார். மறுபடியும் போர்வை வருகிறது.

ஜேம்ஸ் பிரௌன் என்ற அமெரிக்கப் பாடகர் 'பிளீஸ், பிளீஸ், பிளீஸ்' என்ற தம்முடைய பாட்டை இப்படித்தான் சுமார் நாற்பத்தைந்து ஆண்டுகள் மேடைதோறும் பாடி வந்தார். போர்வை கொண்டுவந்தவர் பெயர் டானி ரே. இந்த யுக்தி, டெலிவிஷனில் பார்த்த ஒரு மல்யுத்த வீரரிடமிருந்து வந்தது. 'அலங்கார ஜார்ஜ்' என்று பெயர் வைத்துக்கொண்டு, ஜிகினா அங்கியோடு கோதாவில் இறங்கிய ஆசாமி அவர். சபையில் இருந்த ஒவ்வொருவருக்கும் இது நடிப்பு என்று தெரியும். எத்தனையாவது அடியில் போர்வை பறக்கும் என்றுகூடச் சிலருக்குத் தெரிந்திருக்கும். அதனால் என்ன? அரிச்சந்திரன் கடைசியில் பிழைத்துக்கொள்வான் என்பது தெரிந்துதானே நம்மவர்கள் விடிய விடிய உட்கார்ந்து மயான காண்டத்தில் அழுகிறார்கள்?

ஆனால் பிரௌன் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. அவர் மேடையில் விழுந்து எழுந்ததற்கு முன்னால், வாழ்க்கையில் நிஜமாகவே பல தடவை விழுந்து எழுந்தவர்.

1933-ஆம் ஆண்டு மே மாதம் 3-ஆம் தேதி, தெற்குக் கரோலினா மாநிலத்தில் பார்ன்வெல் என்ற ஊருக்கு அருகே ஒரு குடிசையில் பிறந்தார். சிறு பிராயத்திலேயே தாயார் வீட்டை விட்டுப் போய்விட்டார். ஜார்ஜியா மாநிலத்து அகஸ்டா நகரில், உறவுக்காரப் பெண்மணி ஒருத்தி நடத்திய வேசியர் விடுதியில் பையன் வளர்ந்தான். தெருவோரத்தில் ஜோடுகளுக்குப் பாலிஷ் போட்டான். பட்டாளத்துச் சிப்பாய்கள் எதிரில் ஆடிக் காசு பொறுக்கினான். போதிய உடை இல்லை என்று பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டதாக அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். பதினாறு வயதில் திருட்டுக் குற்றத்துக்காகச் சிறை. மூன்று வருஷம் கழித்து, 1952-இல், வெளியே வந்தபோது அவருக்குக் கைகொடுத்தவர் டொக்கோவா என்ற சிற்றூரின் பாபி பேர்ட். சிறைப் பையன்களோடு பந்தாடப் போன இடத்தில் ஏற்பட்ட பழக்கம். பேர்டின் குடும்பம் பொறுப்பேற்றுக்கொண்டது. பேர்டின் பாட்டுக் குழுவில் பிரௌன் சேர்ந்தார். சில காலத்துக்குள் குழு பிரௌனுடையதாகிவிட்டது! பேர்ட் இரண்டாவது வரிசையில் நின்று பல ஆண்டுகள் கூடப் பாடினார். இப்படிப்பட்ட நண்பர்களைச் சரித்திரம் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை.

1956-இல் முதல் இசைத்தட்டு வந்தது. மேலே சொன்ன அந்தப் பாட்டுத்தான். சின்சினாட்டி நகரத்துக் 'கிங்' கம்பெனியின் முதலாளி ஸிட் நேதனுக்கு அது துளியும் பிடிக்கவில்லை. ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்வதா பாட்டு என்று அவருக்குத் தோன்றியது. தட்டு விற்றது. அடுத்தடுத்து வந்த ஒன்பது தட்டுகள் விழுந்தன. 1958-இன் இறுதியில்தான் மறுபடி தலை நிமிர முடிந்தது.

இதற்குள் பிரௌனுக்கு ஓர் உண்மை தெரிந்துவிட்டது: தம்முடைய வித்தை முழுவதும் தட்டில் அடங்குவதில்லை. அது சபைக்கும் தமக்கும் நடுவில் பிறக்கிறது. ஆகவே கச்சேரியையே அப்படியே பதிவு செய்து வெளியிட வேண்டும் என்றார். நேதன் மறுத்துவிட்டார். புதுப் பாட்டு ஒன்றுமில்லாத தட்டை, ஏற்கனவே வாங்கிய பாட்டுகளை, யார் மறுபடி காசு கொடுத்து வாங்குவார்கள்? வியாபாரி கேட்க வேண்டிய கேள்விதான். பிரௌன் தம் சொந்தப் பணம் சுமார் 5,700 டாலரைப் போட்டு, நியூயார்க் ஹார்லெம் பகுதியிலுள்ள அப்பல்லோ நாடக அரங்கில் ஏற்பாடு செய்தார்.

1962 அக்டோபர் 24-ஆம் தேதி இரவு. கியூபாவைச் சுற்றி அமெரிக்கக் கப்பற்படை வளையம் போட்டது அன்றைக்குத்தான். அணுகுண்டு விழுமா விழாதா என்று உலகம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்பல்லோவில் இருந்தவர்கள் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு மேனாட்டுச் சங்கீதத்தில் பெரிய பரிச்சயம் கிடையாது. ஒரு நண்பர் வற்புறுத்தலால் அந்தத் தட்டைக் கேட்டேன். முழுவதுமே அரை மணிக்குச் சற்று அதிகம்தான். அதில் காதலியைப் பறிகொடுத்தவன் பாடும் பாட்டு ஒன்று பத்து நிமிஷத்துக்கு மேல் நீளுகிறது. தட்டின் ஒரு பக்கத்தில் அடங்காமல் மறுபக்கத்துக்கு வழிந்திருக்கிறது. வாத்தியங்கள் ஒரே அடியைத் திரும்பத் திரும்ப மெல்ல வாசிக்க, அவர் பாட்டை விட்டுவிட்டுச் சபையோடு பேசத் தொடங்குகிறார். குரலைத் தாழ்த்துகிறார். எங்கிருந்தோ ஒரு பெண் வீரிடுகிறாள். உடனே சபை முழுவதும் சிரிப்பும் கூச்சலுமாய்ப் பதில் சொல்கிறது. அவர் கேட்கிறார், அவர்கள் கொடுக்கிறார்கள். யார் பாடகர், யார் ரசிகர் என்ற வரம்பு அழிந்துபோகிறது. நம்மூர்க் கச்சேரிகளில் நிரவலின்போது எப்போதாவது இந்த ரசவாதம் நடக்கும். நடந்த இரவை ஆயுளுக்கும் சொல்லிக்கொண்டிருப்போம்.

1963-இல் தட்டு வெளிவந்தது. வானொலிக்காரர்கள் ஒரு பக்கம் முழுவதையும் நிறுத்தாமல் போட்டார்கள். நாட்டின் விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறி, 66 வாரம் தங்கியது. ஸிட் நேதனுக்கு அதற்குப் பிறகு கேள்வி ஒன்றும் எழவில்லை என்று நினைக்கிறேன்.

அடுத்த ஆண்டு ஸாண்டா மோனிகாவில் ஒரு சினிமாவுக்காகப் பல கோஷ்டிகள் பாடின. கடைசி இடம் இங்கிலாந்திலிருந்து வந்த 'ரோலிங் ஸ்டோன்ஸ்' இளைஞர்களுக்கு; பிரௌன் அதற்கு முன்னால். விழுந்து, எழுந்து, ஒற்றைக் காலில் வழுக்கி, அவர் மேடையை விட்டு இறங்கியபோது அந்த இளைஞர்களுக்குச் செய்ய ஒன்றும் மிச்சமில்லை. அவருக்குப் பின்னால் மேடையேறியதே தங்கள் வாழ்நாளின் பெரிய தவறு என்று அவர்களில் ஒருவர், கீத் ரிச்சர்ட்ஸ், பின்னால் ஒப்புக்கொண்டார்.

1965-க்குப் பிறகு அவருடைய சங்கீதமே மாறியது. அதுவரை அந்நாட்டு ஆட்டப் பாட்டில் இரண்டாம், நான்காம் தட்டுகளுக்கே அழுத்தம். பிரௌன் அதை முதல் தட்டுக்குக் கொண்டுவந்தார். நாம் 'சமம்' என்று சொல்கிறோமே, அந்த இடம். எல்லா வாத்தியமும் எங்கே வேண்டுமானாலும் திரியலாம்; சமத்தில் வந்து விழுந்தாக வேண்டும். கிதாரும் ஸாக்ஸபோனும்கூடத் தாள வாத்தியங்களாயின. ராகம் சுருங்கியது, லயம் பெருகியது. 1967-இல் வந்த 'கோல்ட் ஸ்வெட்' என்ற பாட்டு இந்த மாறுதலின் முழு உருவம். இந்தப் பாணிக்கு 'ஃபங்க்' என்று பெயர். வியர்வை நாற்றத்தைக் குறித்த கொச்சைச் சொல் அது.

வியர்வை அவருடையது மட்டுமல்ல; பக்கவாத்தியக்காரர்களுடையதும்தான். மேடையில் யாராவது ஒரு ஸ்வரம் பிசகினால், பிரௌன் ஆடியபடியே அவர் பக்கம் விரல்களை விரித்துக் காட்டுவார். ரசிகர்கள் அதுவும் நாட்டியம் என்று நினைத்தார்கள். விரலுக்கு ஒரு கணக்கில் டாலர் அபராதம்! ஜோடு மினுக்காக இல்லாவிட்டாலும் அபராதம். தெருவில் ஜோடு துடைத்த பையன் மற்றவர்களின் ஜோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான் போலும். 1970-இல் ஜார்ஜியாவில் ஒரு கச்சேரிக்கு முன்னால் குழுவினர் சம்பளத்துக்காக மறித்து நின்றார்கள். பிரௌன் பேச்சுவார்த்தை நடத்தவில்லை. தம் விமானத்தைச் சின்சினாட்டிக்கு அனுப்பி, பூட்ஸி காலின்ஸ் என்ற 18 வயதுப் பையனையும் அவன் அண்ணனையும் தோழர்களையும் ஏற்றிவரச் செய்து, அன்றிரவே மேடையேற்றிவிட்டார்.

அவரிடம் டிரம் வாசித்த கிளைட் ஸ்டப்பில்ஃபீல்டின் கதை எனக்கு இன்னும் உறுத்துகிறது. 'ஃபங்கி டிரம்மர்' என்ற பாட்டில் இவருடைய தனி ஆவர்த்தனம் சில விநாடிகள்தான். பிற்காலத்தவர்கள் அந்தச் சில விநாடிகளை வெட்டி எடுத்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டுகளில் ஒட்டவைத்துக்கொண்டார்கள். பாட்டின் உரிமை பிரௌன் பெயரில் இருந்தது. கையை ஓட்டியவருக்கு அதில் ஏறக்குறைய ஒன்றும் வரவில்லை. 2017-இல் அவர் காலமானார்.

இத்தனை கறார்ப் பேர்வழியின் சிறந்த இரவு எது என்று கேட்டால், நான் அப்பல்லோவைச் சொல்ல மாட்டேன், பாஸ்டனைச் சொல்வேன். 1968 ஏப்ரல் 4-ஆம் தேதி மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். நூற்றுக்கு மேற்பட்ட நகரங்களில் தீயும் கலகமும். மறுநாள் இரவு பாஸ்டனில் பிரௌன் கச்சேரி. ரத்து செய்துவிடலாம் என்று மேயர் கெவின் ஒயிட்டுக்கு யோசனை. டாம் அட்கின்ஸ் என்ற கறுப்பின நகரசபை அங்கத்தினர் தடுத்தார். பூட்டிய கதவின் முன்னால் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் வந்து நின்றால் என்ன ஆகும்? கச்சேரி நடக்கட்டும், டெலிவிஷனிலும் காட்டுவோம், ஜனங்கள் வீட்டிலேயே இருப்பார்கள் என்றார்.

டெலிவிஷனில் இலவசம் என்றதும் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்க ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். பிரௌன் 60,000 டாலர் நஷ்டஈடு கேட்டார். துக்க தினத்தில் பணம் பேசலாமா என்று சிலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பசித்து வளர்ந்தவன் கூலியை மறப்பதில்லை. மேயர் ஒப்புக்கொண்டார், முழுப் பணமும் வந்து சேரவில்லை என்று பிரௌனின் ஆட்கள் பின்னாளில் குறைப்பட்டார்கள்.

பதினாலாயிரம் பேர் கொள்ளும் அரங்கத்தில் சுமார் இரண்டாயிரம் பேர். கச்சேரியின் கடைசிக் கட்டத்தில் சில இளைஞர்கள் மேடைமீது தாவினார்கள். போலீஸார் பாய்ந்து அவர்களைக் கீழே தள்ளினார்கள். விளக்குகள் எரிந்தன. ஒரு கல் போதும், பாஸ்டன் பற்றிக்கொள்ள! பிரௌன் வாத்தியங்களை நிறுத்தினார். போலீஸாரைப் பின்னால் போகச் சொன்னார். பிறகு பையன்களைப் பார்த்து, அதட்டலும் கெஞ்சலுமாய்ப் பேசினார். இது உங்களுக்கும் நியாயமில்லை, எனக்கும் நியாயமில்லை, நம் இனத்துக்கும் நியாயமில்லை என்ற அர்த்தத்தில். மரியாதை வேண்டும் என்றார். பையன்கள் இறங்கினார்கள். பாட்டு தொடர்ந்தது. டெலிவிஷனில் கச்சேரி முடிந்ததும் உடனே மறுபடி ஒளிபரப்பினார்கள். மற்ற நகரங்கள் எரிந்த அந்த இரவில் பாஸ்டன் பெரும்பாலும் அமைதியாகத் தூங்கியது.

பிற்கால வாழ்க்கையை விரிக்க விருப்பமில்லை. மனைவியரை அடித்த குற்றச்சாட்டில் கைதானார். போதைப் பொருளுக்கு இரையானார். 1988-இல் போலீஸ் துரத்தத் துரத்தக் காரோட்டி, மறுபடி சிறை சென்றார். 1991-இல் வெளியே வந்ததும் மறுபடி மேடை. 2006 டிசம்பர் 25-ஆம் தேதி அட்லாண்டாவில், 73-ஆம் வயதில், காலமானார். வருஷக் கடைசி இரவுக்கு நியூயார்க்கில் கச்சேரி ஏற்பாடாகியிருந்தது.

28-ஆம் தேதி வெள்ளைக் குதிரைகள் பூட்டிய வண்டியில் ஹார்லெம் வீதி வழியே அவரை அதே அப்பல்லோ மேடைக்குக் கொண்டுபோனார்கள். ஆயிரக்கணக்கானோர் மணிக்கணக்காக வரிசையில் நின்று பார்த்தார்கள். 30-ஆம் தேதி, அவர் ஜோடு துடைத்த அகஸ்டாவில், அவர் பெயரே தாங்கிய அரங்கத்தில் இறுதிச் சடங்கு. டானி ரே முன்னால் வந்தார். கையில் போர்வை. நாற்பத்தைந்து ஆண்டுப் பழக்கம். கை நடுங்கியிருக்குமோ என்னவோ. பெட்டியின்மீது அதை விரித்துப் போர்த்தினார்.