நகரத்தின் பெயரைச் சுமந்து வந்தவர்கள்

வரலாற்றாசிரியனாகப் பணியாற்றிய நாட்களில், 1453 என்று கரும்பலகையில் எழுதி, கான்ஸ்டாண்டிநோபிள் துருக்கியர் வசமாயிற்று என்று கூறி, அதன் கீழே ஒரு கோடு இழுத்துவிடுவது என் வழக்கம். அந்நகரத்துக் கிரேக்கர் பின்னர் என்ன ஆயினர் என்று எந்த மாணவனும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அதன் பின்னும் பல நூற்றாண்டுகள் அவர்கள் அங்கேயே கடை வைத்தும் பள்ளி நடத்தியும் பந்தாடியும் வாழ்ந்தனர் என்பதை, ஓய்வு பெற்ற பிறகு ஒரு விளையாட்டுக் கழகத்தின் கதையைப் படித்தபோதே உணர்ந்தேன். அக்கதையையே நேயர்களுக்கு இன்று சொல்ல விரும்புகிறேன்.

1919இல் மூண்ட கிரேக்க துருக்கிப் போர், 1922இல் கிரேக்கரின் தோல்வியாக முடிந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் சுமிர்னா நகரம் தீக்கிரையாயிற்று. 1923 ஜனவரியில் லோசான் நகரில் இரு அரசுகளும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. துருக்கியிலுள்ள கிரேக்கக் கிறிஸ்தவர் கிரேக்க நாட்டுக்கும், கிரேக்க நாட்டிலுள்ள முஸ்லிம்கள் துருக்கிக்கும் சென்றுவிட வேண்டும். விருப்பம் கேட்கப்படவில்லை. மொழியும் பார்க்கப்படவில்லை, மதம் ஒன்றே அளவுகோல். துருக்கி மொழி தவிர வேறறியாத கிறிஸ்தவர் இங்கு வந்தனர். கிரேக்கமே பேசிய கிரீட் தீவின் முஸ்லிம்கள் அங்குச் சென்றனர். இரு கரைகளிலும் சிந்திய கண்ணீர் ஒன்றே.

ஏறத்தாழ 50 இலட்சம் மக்கள் வாழ்ந்த சிறிய கிரேக்க நாட்டில் 12 இலட்சம் அகதிகள் வந்திறங்கினர். ஏதென்சு நகர நாடகக் கொட்டகையில், செல்வர் அமர்ந்து நாடகம் பார்த்த தனியறை ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம் தங்கியது. உள்ளூர்க் கிரேக்கர் சிலர் வந்தவர்களைத் 'துருக்கி வித்து' என்று ஏசினர். தாயகம் என்று நம்பி வந்தவர் செவியில் விழுந்த சொல் அது!

கான்ஸ்டாண்டிநோபிளில் நெடுங்காலம் வாழ்ந்த கிரேக்கருக்கு ஒப்பந்தம் விலக்களித்திருந்தது. ஆயினும் அச்சத்தால் பல்லாயிரவர் வெளியேறினர். அவர்களுள் விளையாட்டு வீரர்களும் இருந்தனர். ஏதென்சில் விளையாட்டுக் கருவிகள் விற்கும் கடையொன்றில் அவர்கள் கூடிப் பேசினர். 1924 ஏப்ரலில் கழகம் பிறந்தது. 'கான்ஸ்டாண்டிநோபிள் விளையாட்டு ஒன்றியம்' என்று அதற்குப் பெயரிட்டனர். அப்பெயரின் முதலெழுத்துக்களால் ஆ.ஏ.கா. என்று சுருக்கி அழைப்பர். இருப்பதோ ஏதென்சு, பெயரோ இழந்த நகரத்தினுடையது. பைசாந்தியப் பேரரசின் இருதலைக் கழுகைச் சின்னமாகவும், மஞ்சளையும் கருப்பையும் நிறங்களாகவும் கொண்டனர். 1926இல் தெசலோனிக்கி நகரில் அத்தகைய அகதிகளே தோற்றுவித்த பாவோக் கழகத்துக்கும் அக்கழுகே சின்னம். ஆனால் அங்கே அது துயரத்தால் சிறகு மடக்கியிருக்கிறது.

அகதிகள் குடியேற்றத்துக்கென நியா பிலடெல்பியாவில் ஒதுக்கிய நிலத்தின் ஒரு பகுதி இவர்களுடைய பயிற்சிக் களமாயிற்று. வீடில்லாதோர்க்கு ஆடுகளம் எதற்கு என்று சிக்கனம் பேசுவோர் கேட்கலாம். தலைமையாசிரியராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: புதிதாக வந்து சேர்ந்த பிள்ளையின் கூச்சம் வகுப்பறையில் தெளிவதைவிட மைதானத்தில் விரைவாகத் தெளியும். 1930இல் அவ்விடத்தில் அரங்கம் எழுந்தது. 1932இல் கிரேக்க நாட்டின் முதலாவது கால்பந்துக் கோப்பையை இக்கழகமே வென்றது.

கால்பந்தோடு அது நிற்கவில்லை. தடகளம், கூடைப்பந்து, கைப்பந்து என்று கிளைகள் பெருகின. 1968 ஏப்ரலில் அதன் கூடைப்பந்து அணி, ஐரோப்பியக் கோப்பை வென்றோர் போட்டியின் இறுதியாட்டத்தில் பிராகு நகரின் சிலாவியா அணியை 89-82 என்று வென்றது. ஐரோப்பியக் கோப்பையைக் கைக்கொண்ட முதல் கிரேக்க அணி இதுவே. ஆட்டம் நடந்த இடம், 1896இல் ஒலிம்பிக் போட்டிகள் நிகழ்ந்த அதே பளிங்கு அரங்கம். ஏறத்தாழ 80,000 பேர் திரண்டிருந்தனர். 'துருக்கி வித்து' என்று ஏசப்பட்டவர்களின் கழகத்துக்காக ஏதென்சு மாநகரமே அன்று ஆர்ப்பரித்தது.

பழைய கால்பந்து அரங்கம் 2003இல் இடிக்கப்பட்டது. கழகம் பத்தொன்பது ஆண்டுகள் பிறர் களங்களில் ஆடியது. இடையில் கடன் பெருகி 2013இல் மூன்றாம் நிலைக்கும் இறங்கியது. 2022 செப்டம்பரில் அதே நிலத்தில் புதிய அரங்கம் திறக்கப்பெற்றது. கான்ஸ்டாண்டிநோபிளின் பேராலயமான புனித சோபியாவின் பெயரையே அதற்குச் சூட்டியிருக்கின்றனர்.