பதி என்னுஞ் சொல்லின் வரலாறு

சைவ நூல்களிற் பயிலும் சொற்களுள் ‘பதி’ என்பது தலையாயது. பதி, பசு, பாசம் என்னும் முப்பொருளுள் முதற்கண் வைத்து ஓதப்படுவது அதுவே. இறைவனைக் குறிக்கும் பதியும் தமிழ்ச்சொல்லே என ஒரு சாராரும், ஊரைக் குறிக்கும் பதியும் வடசொல்லே என மற்றொரு சாராரும் வழக்கிடுவர். அவ்விரு கூற்றும் பொருந்தாமையை ஈண்டு ஆராய்வாம்.

தமிழிற் ‘பதி’ என்பது வினையடி. மணலிற் காலடி பதிதல், பொன்னில் மணி பதித்தல், செடியைப் பதியம் வைத்தல் என்பன அதன்வழி வந்த வழக்குகள். ஓரிடத்து அழுந்தி நிலைபெறுதலே இவற்றின் பொதுப்பொருள். மக்கள் நிலைபெற்று உறையும் இடம் பதியெனப்பட்டது இதனாலென்க. திருக்குறள் 1116-ஆம் பாவில், மதி எது, மடந்தை முகம் எது என்றறியாது விண்மீன்கள் தம் நிலையிற் கலங்கின என்னும் கருத்தமைந்தவிடத்துப் பதி என்பது நிலை என்னும் பொருளதாய் வந்தது. ஊரென்றும் கோயிலென்றும் பொருள்பட வழங்குவதும் இப்பதியே.

வடமொழிப் பதி வேறொரு குடியிற் பிறந்தது. தலைவன், உடையவன், கணவன் என்பன அதன் பொருள்கள். அதன் உடன்பிறப்புக்கள் மேலை நாடுகளினும் உள. கிரேக்கத்திற் ‘போசிஸ்’ கணவன். இலத்தீனிற் ‘போதிஸ்’ வல்லவன். இருக்கு வேதத்தில் இல்லத் தலைவனைக் குறித்த ‘தம்பதி’யும், கிரேக்கத்துத் ‘தெஸ்போதேஸ்’ என்பதும் ஒரே தொகைச்சொல்லின் இருவேறு வடிவங்கள். முன்னையது பின்னாளிற் கணவன் மனைவி இருவரையும் குறிப்பதாயிற்று. பின்னையது ஆங்கிலம் புக்குக் கொடுங்கோலனைக் குறிப்பதாயிற்று. இலித்துவேனிய மொழியில் ‘வியெஷ்பத்ஸ்’ என்பது இறைவனுக்குப் பெயர். குடித்தலைவனைக் குறிக்கும் ‘விச்பதி’ என்னும் வேதச்சொல்லின் இனம் அது. இம்மொழிகளோடு தமிழ் ஓரினத்ததன்று. வடமொழியில் வல்லொலியாய் நிற்கும் தகரம் தமிழ் வழக்கில் மெலிந்து ஒலித்தலின், இருசொல்லும் நம் செவிக்கு ஒன்றாயின.

இவ்விரு குடிக்கும் உறவில்லாத சாவகத் தீவின் மொழியினும் ‘பதி’ என ஒரு சொல் உண்டு. ஆண்டு அதன் பொருள் சாவு. பிலிப்பைன் தீவுகளின் தகலோக மொழியிற் ‘பதய்’ என்பது இறந்த என்னும் பொருட்டாதலின், அஃது அவ்வினத்தார்க்கே உரிய சொல்லென்பது தெளிவு. அச்சாவகத்திலேயே மாவட்டத் தலைவரை இன்றும் ‘புபதி’ என்பர். அது பூபதி என்னும் வடசொல்லின் திரிபு. சாவைக் குறிக்கும் பதியிலிருந்து ஆட்சித் தலைவர் பெயர் பிறந்ததென ஒருவன் கூறின், அது நகைப்பிற்கு இடனாம் அன்றே? ஒலியொப்புமை ஒன்றே பற்றி உறவு கூறுதலின் ஏதம் இதனால் விளங்கும்.

ஆகவே, சித்தாந்தத்துப் பதி வடசொல்லே. உமாபதி, பசுபதி என்னும் தொகைகளும், திருவருட்பயனின் முதலதிகாரமாகிய ‘பதிமுதுநிலை’ என்னும் பெயரும் தலைவன் என்னும் பொருளையே காட்டும். உயிர்கள் சென்று பதியும் இடமாதலின் இறைவன் பதியெனப்பட்டான் என்பது உரைநயமாகக் கொள்ளத்தக்கது, சொல்வரலாறாகாது. தலைவன் உறைதலின் ஊர் பதியாயிற்று என்பதும் அவ்வாறே. முன்னையது வடசொல்லின் பழங்குடியை மறைக்கும். பின்னையது தமிழ் தன் சொல்லை இழக்கச் செய்யும்.

இதனால் முப்பொருட் கொள்கைக்கு இழுக்குண்டோ எனின், இல்லை. வாக்குக்கள் சுத்தமாயையின் காரியம் என்பது நம் நூற்றுணிபு. சொல் சடம்; சொல்லப்படும் முதல்வனோ சித்து. 13-ஆம் நூற்றாண்டினராகிய மெய்கண்டதேவர், சிவஞானபோத முதற் சூத்திரத்துள் முதல்வனது உண்மையை நாட்டியது சொற்பிறப்புக் காட்டியன்று. உலகு தோன்றி நின்று ஒடுங்குதலை ஏதுவாகக் கொண்டேயாம். சொல்லின் குடியை மொழிநூலாரிடம் கேட்டறிந்து, பொருளின் உண்மையை அளவையால் தெளிதலே சைவர்க்குரிய நெறி. எம்மொழிச் சொல்லால் அழைப்பினும் தலைமை அவனதேயாம்.

சிவம்.